பேச்சியம்மாள் டீச்சரின் அருவி மெத்தையல்ல

"சார், அக்கா போயிட்டா" என்று பேச்சியம்மாள் டீச்சரின் தம்பி போனில் சொன்னதும் அச்சன்புதூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே, துக்கம் கேட்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தது டீச்சர் துணியில் செய்த அருவியின் மேல்.

"எந்திரிங்க எல்லாரும்!" என்று கத்திவிட்டேன்.

"மெத்தைதான சார், தரை ஈரமா கெடக்கு" என்றார் தம்பி.

சாவு வீட்டில் சத்தம் போட்டேன் என்று, இரங்கல் கூட்டம் நடத்தும் உங்களில் சிலர் வருத்தப்பட்டீர்களாம். எனக்கு வருத்தமில்லை.

ஒரே பள்ளியில் அவர் ஓவிய ஆசிரியர், நான் கணக்கு. குற்றாலத்து அருவிகளை அவர் வரைந்த படங்கள் தென்காசியில் பல வீட்டுச் சுவர்களில் உண்டு. ஒரு சாரல் காலத்தில் ஆசிரியர்கள் சேர்ந்து ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவர், "முதுகுல இந்தப் போடு போடுதே சார், என் படத்துல அது எங்கன இருக்கு?" என்றார். வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன்: பலாப்பழத்தின் படத்தைத் தூக்கினால் யாருக்காவது இடுப்பு பிடிக்குமா?

அதன்பின் அவர் படம் வரையவில்லை. பழைய வேட்டிகளை நீள நீளக் குழாய்களாகத் தைத்தார். மேலே இலவம்பஞ்சு, கீழே போகப்போக இறுக்கி அடைத்த கந்தல் துணி. எல்லாவற்றையும் சேர்த்து உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார். அடியில் போய் நின்றேன். பிடரியிலும் தோளிலும் விழுந்து அமுக்கியது. கண்ணை மூடினால் கால் தானாகப் பாறையைத் தேடியது.

அதைத்தான் ஆசிரியர்களுக்கான கலைக் கண்காட்சியில் தையல் பகுதியில், தரையில் மடித்துப் போட்டார்கள். "என்ன டீச்சர், மெத்தை யாவாரமா?" என்றார் நடுவர்.

"ஆமா அண்ணாச்சி, ஒங்களுக்கு ஒத்தையா, ரெட்டையா?" என்று டீச்சர் சிரித்தார். எல்லோரும் சிரித்தீர்கள். திரும்பும் பஸ்ஸில் என்னிடம், "ஒருத்தராச்சும் அடியில நின்னு பாக்கலியே சார்" என்றார். அப்போது சிரிக்கவில்லை.

இப்போது இரங்கல் கூட்ட அறிவிப்பில் 'அருவி ஓவியர்' என்று போட்டிருக்கிறீர்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட படங்களை மட்டும் மாட்டுவீர்களாம். துணி அருவி? "எடத்த அடைக்கும் சார்" என்கிறீர்கள். அருவி இடத்தை அடைக்காமல் எப்படி ஐயா விழும்?

தம்பியிடம் கேட்டு அதை என் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதையும், அவர் படாமல் விட்ட கோபத்தையும்தான். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அதோடு வருவேன். பேச்செல்லாம் பிறகு. முதலில் ஒவ்வொருவராக வந்து அடியில் நில்லுங்கள். அஞ்சலிக்கென்று தனியாகத் தலை குனிய வேண்டாம். அது குனிய வைக்கும்.