கிளிக்கூண்டு பதில் சொல்கிறது

பேய், ஆவி என்று யாராவது என் கடையில் உட்கார்ந்து ஆரம்பித்தால், டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்யா என்று விரட்டுகிற ஆள் நான். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன், விருதுநகர்ப் பக்கமிருந்து டெல்லிக்கு வந்து, கேபிள் டிவிக்கு மொட்டை மாடி மொட்டை மாடியாக வயர் இழுத்து, இன்றைக்குக் கரோல் பாக்கில் பாதித் தெருவுக்கு இன்டர்நெட் கொடுக்கிறேன் என்றால், அதற்கு எந்த ஆவியும் வந்து ஏணி பிடிக்கவில்லை. கிழவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று சொல்பவர்கள் நேரே கடைக்கு வரலாம், திரையைக் காட்டுகிறேன், பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

ஏணி பிடித்தவன் ஒருவன் உண்டு. கதிரேசன். என் கூட்டாளி. அவன் மாடியில் நிற்பான், நான் கீழே சந்தில் வயரைப் பிடித்துக்கொண்டு "இருக்கியா?" என்று கத்துவேன். "இருக்கேன் மாப்ள" என்று மேலிருந்து பதில் வரும். இங்கே வீட்டு எண்ணுக்குள் ஒரு எண், அதற்குள் ஓர் எழுத்து, தபால்காரனே முழிப்பான். அதனால் மாடிகளில் நாங்கள் மாட்டிய சிக்னல் பெட்டிகளுக்கெல்லாம் கதிரேசனே பெயர் வைத்தான். பச்சை ஜன்னல், நாய் வீடு, மிளகாய் காயும் மாடி. எங்கும் எழுதியதில்லை, எங்கள் இருவர் வாயில் மட்டும் புழங்கிய பெயர்கள். ஒரு மாடியில் தண்ணீர்த் தொட்டி உருண்டையான இரும்புக் கூண்டின்மேல் நிற்கும். அது கிளிக்கூண்டு.

அங்கேதான் அவன் செத்தான். வீட்டுக்காரன் கூலருக்குத் திருட்டு லைன் இழுத்து, அந்தக் கூண்டில் கரண்ட் பாய்ந்திருந்தது. அந்த மனிதன் போலீஸிடம் மாரடைப்பு என்றான். எழுதிக்கொண்டு போனார்கள். கதிரேசனின் உள்ளங்கை கருகியிருந்ததைக் காட்டிக் காட்டிக் கத்தினேன், ஒருவனும் பார்க்கவில்லை. இப்போது இதை எழுதும்போதும் பல் கடிபடுகிறது. அந்தப் பெட்டியைக் கழற்றி வந்து குடோனில் போட்டேன். இனி அந்தக் கட்டடத்துக்கு என் ஆள் யாரும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் நிவேதா வேலைக்கு வந்தாள். இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண், கம்ப்யூட்டர் படிப்பு. பெட்டிகளை எல்லாம் கண்காணிக்க ஒரு புரோகிராம் போட்டாள். அது ஒவ்வொரு பெட்டியையும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், பதில் வந்தால் திரையில் பச்சைப் புள்ளி, வராவிட்டால் சிவப்பு. நான் கீழே நின்று கத்திய அதே வேலைதான், இதற்குத் தொண்டை கட்டாது. புரோகிராம் குடியிருப்பது கம்ப்யூட்டருக்குள் கன்டெய்னர் என்ற ஒரு தனி டப்பாவில். டப்பாவைத் தூக்கி எறிந்தால் உள்ளே உள்ளதும் போய்விடும். பெட்டிகளுக்கு அவள் வைத்தது வெறும் நம்பர்கள்தான்.

ஒரு ஜூன் மாத மத்தியானம். திரையைப் பார்க்கிறேன், துடைத்துவிட்ட மாதிரி காலி.

"என்னம்மா இது, ஒரு புள்ளியும் காணோம்?"

"அங்கிள், ஒன் மினிட். புது வெர்ஷன் போட பழைய கன்டெய்னரை டிலீட் பண்ணேன். டேட்டாவை வெளிய ஒரு ஃபோல்டர்ல வெச்சிருக்கேன்னு நெனச்சேன், வெக்கல. சப் கயா, எல்லாம் போச்சு."

"கயாவா? சாமானை எடுக்காம வீட்டை இடிச்சுப்புட்டு கயாங்கிற!"

"பேக்கப் இருக்கு, ஜல்தி போட்டுர்றேன். பிளீஸ், கத்தாதீங்க."

கத்திக்கொண்டிருக்கும்போதே திரையில் ஒரே ஒரு புள்ளி வந்தது. சிவப்பு. பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் பெயர். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "கிளிக்... கூண்டு? அப்படின்னா என்ன அங்கிள்? நான் இன்னும் எதுவுமே சேர்க்கலயே."

செத்தவனை வைத்து எவனோ விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். கையை ஓங்கிவிட்டேன், திரை உடைந்திருக்கும். அப்போதுதான் பப்பு நினைவுக்கு வந்தான். என் லைன்மேன், பெண் குழந்தை பிறந்து இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. பின் சந்தில் ஏதோ புதுக் கட்டடம், புதுக் கனெக்‌ஷன் என்று காலையில் அனுப்பியிருந்தேன். நம்பினால் நம்புங்கள், ஏன் போன் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தியில்தான் பேசினோம்.

"எங்கடா நிக்கிற?"

"மாடியில சேட்ஜி. தொட்டிக்குக் கீழ பெட்டி மாட்டப் போறேன்."

"தொட்டி எதுமேல நிக்குது?"

"உருண்டையா ஒரு இரும்புக் கூண்டு."

"தொட்டா கொன்னுபுடுவேன்! கையை எடு! டெஸ்டரை வச்சுப் பாருடா முதல்ல!"

பையில் டெஸ்டரைத் துழாவுகிற சத்தம் கேட்டது. பிறகு பப்பு மெல்லச் சொன்னான்: "டெஸ்டர்ல லைட் எரியுது சேட்ஜி."

ஓடினேன். அதே கட்டடம். பெயின்ட் அடித்து, வாசலைப் பின் சந்துக்கு மாற்றி, வேறு எண் போட்டிருந்தான் வீட்டுக்காரன். அதே ஆள் படியில் நின்று, "கூலர்ல கொஞ்சம் லீக். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே பாய் சாப்" என்றான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம்! சட்டையைப் பிடித்தேன். சந்தே கூடிவிட்டது. மின்சாரக்காரர்கள் வந்து லைனை வெட்டுகிற வரை பிடியை விடவில்லை.

நிவேதா ஆயிரம் காரணம் சொன்னாள், பழைய பேக்கப்பாம், புரோகிராமே தானாகக் கண்டுபிடித்திருக்குமாம். என் மருமகனும் இன்ஜினீயர், அவனும் சொன்னான். அந்தப் பெயர் எந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும் போனதில்லையடா, பெட்டி குடோனில் துரு ஏறிக் கிடக்கிறதடா என்றால், "நீங்க டென்ஷன் ஆகாதீங்க மாமா" என்கிறான். யாருக்கடா டென்ஷன்?

அந்தப் புள்ளியை நிவேதா அழித்துவிட்டாள். ஆனால் எப்போது புதுக் கன்டெய்னர் எழுப்பினாலும், வேறு எந்தப் பெட்டிக்கும் முன்னால் அதுதான் வந்து நிற்கிறது. சிவப்பாக இல்லை, பச்சையாக. பச்சை என்றால், கூப்பிட்டதற்கு அங்கிருந்து யாரோ பதில் சொல்கிறார்கள் என்று அர்த்தம். பப்புவைக் காப்பாற்ற வந்தவனுக்கு, கூடவே கிடந்த என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நேற்று அந்த ஆத்திரத்தில்தான் கம்ப்யூட்டருக்குப் போகிற நெட்வொர்க் வயரையே பிடுங்கி எறிந்தேன். திரையில் ஒவ்வொன்றாக எல்லாப் புள்ளிகளும் சிவந்தன.

கிளிக்கூண்டு மட்டும் பச்சையாகவே இருந்தது.