ஞாயிறுகள் கணக்கில் இல்லை

யட்டவத்த ஊரில் அண்ணன் வீட்டுச் சுவரில் தொங்கும் ஆலயக் காலண்டரில், தவக்காலம் தொடங்கும் இவ்வருடத் திருநீற்றுப் புதனின் கட்டத்துக்குள் அவர் கைப்பட எழுதியிருக்கிறது: "தேத்தண்ணி விட்டாச்சு. உயிர்த்த ஞாயிறு வரைக்கும்." தவக்காலம் வந்தால் வருடாவருடம் ஒறுத்தலாக அவர் விடுவது அதைத்தான். மற்ற நாட்களில் இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது.

இம்முறை அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்ச் சிகிச்சை நாக்கின் ருசியை முன்பே எடுத்துவிட்டிருந்தது. தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளியன்று நான் போயிருந்தபோது அவரே சொன்னார்.

"தேத்தண்ணியும் வெந்நீரும் இப்ப ஒண்ணுதான். ருசியில்லாதத விட்டுட்டு ஒறுத்தல்னு சொன்னா ஆண்டவர ஏமாத்துறதுதானே?"

"நோயாளிக்கு ஒறுத்தல் கடமையே இல்லண்ணே."

"ஒனக்கு எல்லாம் புஸ்தகத்துல இருக்கு."

அவருக்கு மிஞ்சியிருந்த சுகம் ஒன்றுதான். சாயந்தரங்களில் அண்ணி நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பாதங்களில் தேய்த்துவிடுவார். அந்த நேரம் மட்டும் அண்ணனின் முகத்தில் இறுக்கம் தளரும். அன்று கிண்ணத்தோடு அண்ணி வந்ததும் கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இனி வேணாம். உயிர்த்த ஞாயிறு வரட்டும்."

"அதுவரைக்கும் இருப்பீங்களா?" என்றார் அண்ணி. "எனக்கும் இது ஒண்ணுதான் மிச்சம். என்னக் கேட்டா விட்டீங்க?"



இன்பமே நன்மை என்ற பழைய கிரேக்கரையும், அதைக் கண்டு பயந்த துறவிகளையும் படித்திருக்கிறேன். தவக்காலம் இரு பக்கமும் சேராது. நல்லதைத்தான் காணிக்கையாகக் கொடுக்க முடியும். கெட்டதை விடுவது வெறும் புத்திசாலித்தனம். அண்ணன் அதைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார். அதனால் எனக்கு வாதம் எதுவும் அகப்படவில்லை. தவக்காலத்து நாற்பது நாளில் ஞாயிறு சேராது, அன்று விட்டதைத் தொடலாம் என்று மட்டும் சொன்னேன்.

"அது சொகுசுக்காரங்க கணக்கு," என்றார்.

பெரிய வியாழனன்று அண்ணன் இறந்தார். அடக்கம் முடிந்த பிறகு அண்ணி என்னைக் குசினி அடுப்புப் பக்கம் கூப்பிட்டார். அதற்கு முந்திய குருத்து ஞாயிறு பூசையிலிருந்து வந்ததும், கண்மூடிக் கிடந்தவரின் இரண்டு பாதங்களுக்கும் எண்ணெய் தேய்த்ததைச் சொன்னார். அண்ணன் கால்களை இழுத்துக்கொள்ளவில்லை.

"குடும்பக் குறிப்புல முழிச்சிருந்தாருன்னு எழுதுங்க தம்பி."

நான் வைத்திருக்கும் அந்தக் குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: குருத்து ஞாயிறு, பாதங்களுக்கு எண்ணெய். அந்த வாரம் அவருக்கு வலிக்காக, மயங்கவைக்கும் மோர்பின் கொடுத்திருந்தார்கள். விழித்திருந்தாரா என்பது உறுதிசெய்யப்படவில்லை.