காதர் பாயும் ரேஸ் காரின் எண்ணெய் டேங்கும்

காதர் பாய் இறந்த செய்தியைக் காலடிப்பேட்டை டீக்கடையில் கேட்டேன். சொன்னவர் அதோடு நிறுத்தவில்லை. “நல்ல மேஸ்திரிதான். அந்த ரேஸ் காரைக் கவுக்காம இருந்திருக்கலாம்” என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவரை அறிந்த உங்களில் பலரும் இதையேதான் சொல்லித் திரிகிறீர்கள். கொஞ்சம் வாயை மூடுங்கள்.

தண்டையார்பேட்டைப் பட்டறையில் பாய் தலைமை ஃபிட்டர். நான் அவருக்கு அடுத்தவன். முதலாளிக்கு ரேஸ் பைத்தியம், தானே ஓட்டுவார். வளைவில் வேகமாகத் திரும்பித் திரும்பி எஞ்சின் பேரிங் எரிந்துகொண்டே இருந்தது. பாய் சாசரில் டீயை ஊற்றிச் சாய்த்துக் காட்டினார். “வண்டி திரும்பசொல்ல அடியில கீற எண்ணெ இப்டி ஒதுங்கிக்குது. பம்பு வெறும் காத்தை இழுக்குது. எண்ணெ அங்க இன்னாத்துக்கு? வெளிய தனியா டேங்க் வைப்போம்.” ஒரு பம்பு டேங்கிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெய் கொடுக்கும், அடியில் வடிவதை இன்னொரு பம்பு டேங்குக்கே திருப்பி அனுப்பும். அதன் பிறகு ஒரு பேரிங்கும் போகவில்லை.

ஒன்றை மட்டும் ஓயாமல் சொல்வார்: “ஆறுன எஞ்சின்ல அளவு பாக்காத நைனா. நிக்கசொல்ல டேங்க் எண்ணெ கீழ எறங்கிடும். ஓட்டி நிறுத்துன சூட்டுல பாரு.”

என் கை லாரி வேலையில் ஊறிய கை; லாரியில் ஆறிய எஞ்சினில்தான் எண்ணெய் அளவு பார்ப்போம். பந்தயத்தன்று காலை, ஸ்டார்ட் செய்யும் முன்பே அளவு பார்த்தேன். டேங்க் பாதிதான் இருந்தது. வாய்வரை ஊற்றினேன். எஞ்சின் ஓடியதும் கீழே இறங்கியிருந்த எண்ணெயும் மேலே வந்தது. டேங்க் வழிந்து பின் டயரில் கொட்டியது. இரண்டாவது சுற்றில் கார் வழுக்கிக் கவிழ்ந்தது. முதலாளிக்கு ஒரு கை முறிந்தது. “எல்லாம் உன் டேங்காலதான்டா!” என்று எல்லார் முன்னாலும் பாயை அறைந்தார். இன்னொரு கை நன்றாகத்தான் இருந்தது.

பாய் என் கையிலிருந்த காலி எண்ணெய் டின்னைப் பார்த்தார். “எம்மேலதான் தப்பு, மொதலாளி” என்றார்.

பிறகு எந்தப் பட்டறையும் அவரைச் சேர்க்கவில்லை. அவ்வளவு கைதேர்ந்த மனுஷன் ஹார்பரில் நிலக்கரி சுமந்தார். இருமி இருமியே செத்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “உனுக்கு மூணு புள்ள கீது. நான் ஒண்டிக்கட்ட. வுடு” என்றார். அவர்மீதும் எனக்குக் கோபம்தான். அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போன என்மீது அதைவிடக் கோபம்.

ஊற்றியது நான். போய் முதலாளியிடம் சொல்லுங்கள். பாயை வெளியே அனுப்பிய மறுநாள், தலைமை ஃபிட்டர் வேலையை எனக்குத்தான் கொடுத்தார். பாயுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.