‘ஸ்டோரி’ என்ற சொல்லை நான் கற்ற இடம்

பிள்ளைகளே, ‘ஸ்டோரி’ என்றால் ‘கதை’ என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எட்டாவது வரை அதையே நம்பினேன். அந்தச் சொல்லை எப்படிப் புழங்குவது என்று கற்றுக்கொடுத்தது செஞ்சியில் இருந்த ஓர் அலுவலகம். அங்கே விதி எளிமையானது. நாற்காலியில் இருப்பவர் பேசினால் விவரம். எதிரில் நிற்பவன் பேசினால் ஸ்டோரி.

அறுபதுகளில் எனக்கு அங்கே பியூன் வேலைக்கு உத்தரவு வந்தது. ஒரு திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சேர வேண்டும்; தவறினால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை. வல்லத்தில் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கித்தான் பிழைப்பு. மகன் ஆபீசில் நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அம்மாவும் கூடவே கிளம்பிவிட்டாள்.

அன்று அமாவாசை. உத்தரவு போட்டவருக்குப் பஞ்சாங்கம் பார்க்கும் வழக்கம் இல்லை போலும். மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் கூட்டத்தை அடைத்துக்கொண்டு வந்த பஸ் ஒன்றுகூட வல்லத்தில் நிற்கவில்லை. பத்து மணிவரை கையை ஆட்டிப் பார்த்துவிட்டு, இருவரும் நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

“இன்னாய்யா, உங்க ஊர்ல இப்பத்தான் விடிஞ்சுதா?” என்றார் தலைமை எழுத்தர்.

“பஸ் நிக்கலிங்க சார். அமாவாசைக் கூட்டம்…”

“ஸ்டோரி வேணாம். எழுத்துல குடு. ஆபீசர் ரெண்டு மணிக்குத்தான் வருவாரு.”

ஆபீசரும் பன்னிரண்டு மணிக்கு வரவில்லை. அதற்கு யாரும் எழுத்தில் கேட்கவில்லை.

எனக்கு எழுதத் தெரியும். ஆனால் வாசல் வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். அவர் கைப்பட எழுதாததை உள்ளே மனுவாகவே மதிக்க மாட்டார்கள். போய் விஷயத்தைச் சொன்னேன்.

“பஸ் நிக்கலன்னா எவன் நம்புவான், தம்பி? ஸ்டோரின்னுவான். நான் எழுதறேன் பாரு” என்று ஒரு முழுப் பக்கம் எழுதித் தள்ளினார்.

“ஒருவாட்டி படிச்சிப் பாக்கட்டுங்களா?”

“எத்தினி வருசமா எழுதறேன்! நம்பிக்கை இல்லன்னா நீயே எழுதிக்க.”

மனுசர் கோபித்துக்கொள்வாரே என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை நான்.

ஆபீசர் வந்து, மனுவை வாய்விட்டே படித்தார். “‘நேற்றிரவு என்னைப் பெற்ற தாயார் இறைவனடி சேர்ந்துவிட்டபடியால்…’ அடப் பாவமே. அடக்கமெல்லாம் முடிஞ்சுதாப்பா?”

நான் வாய் திறப்பதற்குள் வாசற்படியிலிருந்து குரல் வந்தது. “யாரு சாமி செத்தது?”

கையில் தூக்குச் சட்டியோடு அம்மா.

“இது யாரு?”

“எங்க அம்மாங்க சார்.”

“ஸ்டோரின்னு நான் அப்பவே சொன்னேன் சார்” என்றார் தலைமை எழுத்தர். எனக்குத் தெரிந்து அவர் அந்தச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்தியது அந்த ஒரு முறைதான்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அம்மாவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். “நான் செத்தாத்தான் இவனுக்கு வேலைன்னா, செத்ததாவே இருக்கட்டும் சாமி. நான் அந்தாண்ட போய் நின்னுக்கறேன்” என்றாள்.

ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “என்னதான் நடந்தது? நீயே சொல்லு.”

பஸ்ஸையும் நடையையும் சொன்னேன். அவர் எங்கள் கால்களைப் பார்த்தார். நாலு காலும் முழங்கால்வரை செம்மண்.

“இதையே ரெண்டு வரி உன் கையால எழுதிக் குடு.”

எழுதினேன். சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பழைய மனுவைத் திருப்பிக் கேட்டேன். தலைமை எழுத்தர் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டே, “ஃபைலுக்குள்ள போன காகிதம் வெளிய வராது” என்றார்.

“அப்ப அதுல நான் இருக்கேனா, இல்லியா?” என்று கேட்டாள் அம்மா.

அவர் கட்டைப் பிரித்து இரண்டு தாளையும் புரட்டி, மெய்யாகவே யோசித்தார். “ரெண்டு மாதிரியும் இருக்குதும்மா.”

அம்மா அதற்குள் தூக்கைத் திறந்து எனக்குச் சோறு பிசைய ஆரம்பித்திருந்தாள்.