அருவி விழும்வரை காப்பி இல்லை

சாமிக்காக ஒன்றை விடுகிறேன் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் பாகற்காயை விடுவார்கள், புடலங்காயை விடுவார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் காசிக்குப் போய் வந்து கொத்தவரங்காயை விட்டாள். அதற்கு முன்பும் அவள் அதைத் தொட்டதில்லை. என் வீட்டுக்காரர் காப்பியை விட்டார்.

எங்கள் தெருவில் முதன்முதலில் பித்தளை பில்டர் வாங்கி வந்தவர் அவர்தான். விடியற்காலையில் ஒரு டம்ளர் உள்ளே போனால்தான் குத்துக்கல்வலசைப் பக்கம் இருந்த எங்கள் வயலுக்குக் கிளம்புவார். அதற்கு முன் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை, உழவு மாடுகள் உட்பட.

அந்த வருஷம் பங்குனியில் எங்கள் ஒரே மகளுக்கு விஷ ஜுரம் வந்தது. ஐந்து வயது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல், அவரை மட்டும் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். இவர் அப்படியே நேராக எங்கள் ஊர்க் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"ஏளா, வேண்டிக்கிட்டு வந்திருக்கேன். புள்ளைக்கு ஜுரம் விட்டா, குத்தாலத்துப் பெரிய அருவியில குளிச்சு சாமி கும்பிடுதேன்னு. அதுவரைக்கும் காப்பியத் தொடமாட்டேன்."

பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த எனக்கு அழுகை பாதியில் நின்றுவிட்டது.

"இது என்ன மாசம்?"

"பங்குனி."

"அருவியில தண்ணி இருக்கா?"

வெளியூர்க்காரன் யாராவது இந்தத் தப்பைச் செய்தால் ஒத்துக்கொள்ளலாம். இவர் கதவைத் திறந்தால் எதிரே மலை. அதைப் பார்த்துத்தான் நாற்றுப் பாவுகிற மனுஷர். பங்குனியில் அருவி என்பது வெறும் பாறை, குரங்கு படுத்து வெயில் காய்கிற இடம் என்று அவருக்கா தெரியாது? பதற்றத்தில் மறந்திருக்கிறார். கோயில் திசையைக் கைகாட்டி, "அவரு பாத்துக்கிடுவாரு" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார்.

சித்திரையில் ஜுரம் இறங்கியது. அவருக்கோ தலைவலி ஏறியது. நெற்றியில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போவார். கன்றுக்குட்டியைத் திட்டுவார், காக்காயைத் திட்டுவார். என்னைத் திட்ட வாயெடுத்து, வேண்டுதல் ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொள்வார். அந்த மட்டில் எனக்கும் அந்த வேண்டுதலில் ஒரு லாபம் இருந்தது.

செங்கோட்டையிலிருந்து என் தம்பி பிள்ளையைப் பார்க்க வந்தான். கொல்லம் பக்கம் போய் வந்து பழகியவன், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பான். "அத்தான், நீங்க காப்பியத்தான விட்டிய? சாயா குடிங்க. அது வேற செடி" என்றான். அவர் பார்த்த பார்வையில் அவன் மத்தியான ரயிலுக்கே கிளம்பிவிட்டான்.

நானும் சும்மா இருக்கவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போய், கோயில் பூசை செய்கிற பெரியவரிடம் கேட்டேன். அவர் நல்ல மனுஷர். "அருவிக்குக் கீழ கசத்துப் பள்ளத்துல கொஞ்சம் தண்ணி கிடக்கு. ஒரு குடம் மோந்து தலையில ஊத்துங்க, சாமி ஏத்துக்கிடுவாரு" என்று வழி சொன்னார். நான் குடம் எடுக்க ஓடினேன்.

என் வீட்டுக்காரர் அசையவில்லை. "தானா விழுந்தாத்தான் அருவி. நாம ஊத்துனா அது வெறுங்குடம்" என்றார். வண்டியில் வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

வைகாசிக் கடைசியில் ஜுரம் மறுபடியும் வந்தது. எனக்கு வந்த கோபம் ஜுரத்தின் மேல் அல்ல, சாமியின் மேல். அடுப்பைப் பற்றவைத்தேன். திக்காக டிக்காஷன் இறக்கி, நுரை பொங்க ஆற்றி, அவர் முன்னால் டம்ளரை ணங்கென்று வைத்தேன்.

"குடிங்க. அவரு சொன்னத அவரு காப்பாத்தல. உங்களுக்கு மட்டும் என்னத்துக்கு வைராக்கியம்?"

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு மட்டும் விடைத்தது.

"அவரு எங்க ஏளா சொன்னாரு? அவரு ஒண்ணுமே சொல்லலியே. சொன்னது நான்லா. நான்தான நிக்கணும்" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அத எடுத்துட்டுப் போயிரு, வாசம் கொல்லுது" என்றார்.

அந்த டம்ளரை அங்கணத்தில் கொட்டினேன். அன்று முதல் நானும் காப்பி குடிக்கவில்லை. வேண்டுதல் ஒன்றும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஜுரம் ஒருவழியாக விட்டது. ஆனால் பிள்ளை எதையும் தின்ன மறுத்தாள். கஞ்சியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஆரஞ்சுச் சாற்றை வலுக்கட்டாயமாகப் புகட்டினால் அப்படியே துப்புவாள். கையைத் தூக்கினால் வளையல் முழங்கை வரைக்கும் ஓடியது. "இனி என் மருந்துல ஒண்ணும் இல்லம்மா. வயித்துக்குள்ள ஏதாவது போனாத்தான் புள்ள நிக்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனி பிறந்து, ஒரு காலையில் மலைக் கணவாய்க் காற்று முற்றத்துக் கொடித்துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது. வெயில் அடிக்கும்போதே மெல்லிய சாரல். மேற்கேயிருந்து வந்த வண்டிக்காரர் ஒருவர் தெருவில் போகிறபோக்கில், "அருவியில தண்ணி விழுதுவே!" என்று கத்தினார். இவர் சட்டைகூடப் போடாமல் வண்டியைப் பூட்டிவிட்டார்.

பிள்ளையைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் குற்றாலத்தில் ஒரு சத்திரத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் அருவிக்குள் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். விட்டால் வேண்டுதலுக்கு வட்டியும் சேர்த்துக் குளித்திருப்பார். கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு, பல் கிடுகிடுக்க வந்து உட்கார்ந்தார்.

நான் கூஜாவில் டிக்காஷனும் செம்பில் பாலும் கொண்டுவந்திருந்தேன். மூன்று கல்லைக் கூட்டிக் காய்ச்சி ஒரு டம்ளர் கொடுத்தேன். தீர்த்தம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணை மூடி முகர்ந்தார்.

"எனக்கு."

மடியிலிருந்து குரல். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பங்குனியிலிருந்து அவள் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை.

"என்ன தாயி வேணும்?"

"அது."

அவர் ஊதி ஊதி ஆற்றி, டம்ளரை அவள் வாயில் வைத்தார். ஒரு மடக்கு உள்ளே போனது. துப்புவாள் என்று நான் முந்தானையை ஏந்திக்கொண்டிருந்தேன். அவள் டம்ளரைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டாள். மடக்கு மடக்காக, மூச்சு விடாமல், முழுக்கக் குடித்துவிட்டுப் பழுப்பு மீசையோடு அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

செம்பில் பால் இல்லை. நான் கொண்டுவந்ததே அவ்வளவுதான்.

அவர் காலி டம்ளரை அண்ணாந்து பிடித்து, அடியில் தேங்கியிருந்த ஒரு சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டார்.

"சீனி கம்மி ஏளா" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.