உள்ளே விட்ட துணி

என் அலுமாரியில் ஒரு நீல ரவிக்கை இருக்கிறது. உட்புறம் திருப்பினால், இரு பக்கத் தையலுக்கும் அப்பால் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடக்கும். வெள்ளவத்தைத் தையலக்கா இறுதியாக என் கையில் தந்தது அது.

அப்போது போர்க்காலம். கணவரிடம் அடிபடும் பெண்களின் வாழ்வு ஆண்டுகள் செல்லச் செல்ல எவ்வாறு மாறுகிறது என்று அறியும் ஆய்வொன்றில், அவர்களை ஆண்டுதோறும் தேடிச் சென்று கேட்பது என் பணி. தொலைபேசி கூடாது, கடிதம் கூடாது, அயலில் விசாரித்தல் அறவே கூடாது. கணவன் அறிந்தால் அன்றைய அடிக்கு நாங்களே காரணமாவோம். ஆகவே ரவிக்கை தைக்கக் கொடுப்பவளாகவே, அவர்களுள் ஒருவரான தையலக்காவிடம் சென்றேன். "அளவு மாறிப்போச்சு, உள்ளுக்கு வாங்கோ" என்று அவர் சொன்னால் பேசலாம். "நூல் முடிஞ்சுபோச்சு" என்றால் திரும்பிவிட வேண்டும். அந்த ஏற்பாடு அவருடையதே. பேச்சு சுவர் கடவாதிருக்க, தையல் மெஷினை மிதித்தபடியே விடை சொல்வார். அழுகை வரும்போது இன்னும் வேகமாக மிதிப்பார்.

கடைசி முறை அவருடைய கணவர் வாசலிலேயே அமர்ந்திருந்தார்.

"என்ன தங்கச்சி, வருசா வருசம் வாறீங்கள்? உங்கட தையலக்காவுக்கு அளவெடுக்கத் தெரியாதுபோல" என்று சிரித்தார்.

"இவ ஒரு வருசம் கொழுக்கிறா, மற்ற வருசம் மெலியிறா. அதுக்கு நானோ பொறுப்பு?" என்றபடி தையலக்கா இந்த ரவிக்கையை நீட்டினார். "உள்ளுக்கு நிறையத் துணி விட்டிருக்கிறன். நீங்களே பிரிச்சுவிடலாம். இனி வரத் தேவையில்லை."

எங்கள் ஏற்பாட்டில் இல்லாத சொற்கள் அவை என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

மறு ஆண்டு அவ்வீட்டில் வேறு குடும்பம். தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்ததாகச் சொன்னேன். கதவைத் திறந்த அம்மா, நான் கேளாமலே சொன்னார்: "பிள்ளை, ஆமி சுற்றிவளைச்ச அண்டைக்கு, அந்தத் தைக்கிறவ ஐடென்டிட்டி கார்ட் காட்டக் கீழ இறங்கினவவாம். திரும்பி வரேல்லையாம். அவட மனுசன் இப்பவும் தேடித் திரியிறாராம்."

அந்தச் சந்தடியில் அவர் தப்பிச் சென்றிருந்தால், என் விசாரணை கணவருக்கு வழிகாட்டிவிடும். பிடித்துச் செல்லப்பட்டிருந்தால், என் மௌனம் அவரைக் கைவிட்டதாகும். எது நடந்தது என்று அறிவதற்கும் கேட்கத்தான் வேண்டும். நான் எவரிடமும் கேட்கவில்லை. அவரைக் காக்க நாங்கள் வகுத்த விதிகளே அவரை எங்களிடமிருந்தும் மறைத்துவிட்டன.

போர் முடிந்து நெடுங்காலமாயிற்று. நான் பருத்துவிட்டேன், நீல ரவிக்கையின் கொக்கிகள் இப்போது எட்டுவதில்லை. பக்கத் தையலைப் பிரித்தால் போதும். எங்காவது ஒரு மெஷினை மிதித்துக்கொண்டிருப்பவர் தலைநிமிர்ந்து, "அளவு மாறிப்போச்சு, உள்ளுக்கு வாங்கோ" என்று சொல்லட்டும் என்று அதைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.