சாம்பலை நம்பாதவள்

மைசூர் வித்யாரண்யபுரத்தில் நாச்சம்மாளின் எஸ்.டி.டி. பூத்துக்கு வருகிறவர்கள் மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களுக்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டார்கள். நாச்சம்மாளின் காதுக்குத்தான் பயப்படுவார்கள். கண்ணாடிக் கதவை எத்தனை இறுக்கிச் சாத்தினாலும் உள்ளே பேசுவது அவளுக்குக் கேட்டுவிடும். கேட்பதோடு விட்டால் பரவாயில்லை. வெளியே வருகிறவனை நிறுத்திவைத்து விசாரணை நடத்துவாள்.

"ஏனுங்க தம்பி, காய்ச்சல்னு மேனேஜருகிட்டச் சொன்னீங்க. காய்ச்சக்காரன் தலையை இப்பிடிப் படிய வாரிக்கிட்டா வருவான்?"

தமிழில் புளுகினாலும் கன்னடத்தில் புளுகினாலும் அவளிடம் நடக்காது. பொய் சொல்கிறவன் காரணத்தை நீட்டிக்கொண்டே போவான், உண்மை சொல்கிறவன் சட்டென்று முடித்துவிடுவான் என்பது அவள் கணக்கு. தெருவும் அதை ஒப்புக்கொண்டிருந்தது. பக்கத்தில் பூக்கடை வைத்திருந்த நஞ்சம்மா, பெங்களூரில் இருக்கும் தன் மகன் போனில் சொன்னதை நம்பலாமா கூடாதா என்று நாச்சம்மாளிடம்தான் கேட்பாள். நாச்சம்மாள் உதட்டைப் பிதுக்கினால் தீர்ந்தது, அந்த மகனுக்கு அன்றைக்கு அர்ச்சனைதான்.

இந்தக் காது சும்மா வரவில்லை. கொள்ளேகாலில் பிறந்து, சித்தையனைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தவள் அவள். மகள் ஜோதிமணிக்கு ஐந்து வயதாகும்போது பம்பாயில் நல்ல வேலை என்று சித்தையன் கிளம்பிப் போனான். எழுபத்து நாலாம் வருஷம் மே மாதம் வருவதாக எழுதினான். ரயில் ஸ்டிரைக், வர முடியவில்லை என்று அடுத்த கடிதம் வந்தது. அது உண்மைதான். அந்த மாதம் நாடு முழுக்க ரயில் ஓடாமல் கிடந்தது. அதற்கப்புறம் மழையில் தண்டவாளம் முழுகிப்போனது. அப்புறம் அவனுக்கு அம்மை போட்டது. அப்புறம் முதலாளி செத்துப்போனார். மூன்று வருஷம் புருஷனுக்குப் பதிலாகக் காரணங்கள்தான் வீட்டுக்கு வந்தன. நாலாம் வருஷம் ஊர்க்காரர் ஒருவர் பம்பாயிலிருந்து வந்து, சித்தையனுக்கு அங்கே இரண்டு பிள்ளைகள் இருப்பதாகச் சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மழை, வெள்ளம், புயல் என்று எவனாவது ஆரம்பித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்து வருஷம் ஊதுபத்தி உருட்டி மகளை வளர்த்தாள். மனுவுக்கு மேல் மனு போட்டு இந்த பூத்தை வாங்கினாள். பின்னால் ஒரு அறையும் சமையல்கட்டும், முன்னால் போன். அதுதான் அவள் ராஜ்ஜியம்.

ஜோதிமணி கட்டிக்கொண்டது கிருஷ்ணராஜை. மைசூரிலேயே நஞ்சுமளிகே லிங்கப்பனின் மகன், சரக்குக் கப்பலில் ஃபிட்டர். கப்பல் என்றதுமே நாச்சம்மாளுக்கு வயிறு எரிந்தது. "பம்பாய்க்குப் போனவனே திரும்பல. இவன் கடலுக்குப் போறவன்" என்று லிங்கப்பனின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். மகள் பிடித்த பிடியாக நின்றதால் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையிடம் அவள் ஒரு நாளும் சிரித்துப் பேசியதில்லை. அவனும் அவளைக் கண்டால் ஒதுங்கியே நின்றான்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஜூன் மாதம் பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை, லிங்கப்பன் வீட்டில் ஜோதிமணிக்கு வளைகாப்பு. வளையல் போட்டதும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். நாச்சம்மாள் அந்தப் பிரசவத்துக்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லலாம். அறைக்கு வெள்ளையடித்தாள், தொட்டில் வாங்கினாள், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துச் சாமானைக் கொள்ளேகாலிலிருந்து வரவழைத்தாள். புருஷன் விட்டுப்போனவள் என்று பேர் எடுத்தவள், மகள் பிரசவத்தை ஒரு குறையில்லாமல் பார்த்தவள் என்றும் பேர் எடுக்க வேண்டாமா?

கிருஷ்ணராஜுக்கு ஒப்பந்தம் முடிந்து மணிலாவில் கப்பலிலிருந்து இறக்கம். பதினைந்தாம் தேதி விமானம் ஏறினால் வளைகாப்புக்கு வந்துவிடுவான். லிங்கப்பன் வீட்டில் போன் கிடையாது. இரண்டு குடும்பத்துக்கும் அவன் கூப்பிடக்கூடிய ஒரே நம்பர் நாச்சம்மாளின் பூத்துதான்.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தது. இரைச்சலுக்கு நடுவில் அவன் குரல்.

"அத்தை, நான் கிருஷ்ணராஜ், மணிலாவுலேர்ந்து. இங்க எரிமலை வெடிச்சிருச்சுங்க. ஆகாசம் பூரா சாம்பல். ஏர்ப்போர்ட்டை மூடிட்டாங்க. எப்பத் தெறப்பாங்கன்னு யாருக்கும் தெரியல. வளைகாப்புக்கு வர முடியாதுங்க. ஜோதிகிட்டயும் அப்பாகிட்டயும் கொஞ்சம்..."

"சாம்பலா?" என்றாள் நாச்சம்மாள்.

"ஆமாங்க. சாம்பல்ல ப்ளேன் பறக்க முடியாதுங்க."

பதினேழு வருஷத்து ஆத்திரம் அவளுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. "சாம்பல்ல நான் நித்தம் பாத்திரம் வெளக்கறேன். அதுக்கு ஏரோப்ளேன் பயந்துக்குமா? மழைன்னான் ஒருத்தன், அம்மைன்னான். நீ அவனையும் மிஞ்சிட்டே. அங்க எவ வீட்டுல உக்காந்துக்கிட்டுப் பேசற?"

"அத்தை, நான் சொல்றதை..."

அவள் விடவில்லை. அவன் அப்பனை இழுத்தாள், கப்பலை இழுத்தாள், கண்ணில் படாத ஒரு பிலிப்பைன்ஸ்காரியையும் இழுத்து வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசி முடித்து ரிசீவரை அறைந்து வைத்தாள்.

சாயங்காலம் ஜோதிமணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து கேட்டாள். "போன் வந்துச்சாம்மா?"

"வரல கண்ணு."

யோசித்துச் சொன்னதல்ல. அவன் பொய்யை மகள் காதில் போட்டால், தன்னைப்போல அவளும் காரணங்களை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அதற்கு ஒன்றுமே வராமலிருப்பது மேல் என்று பட்டது. அவ்வளவுதான். மகள் முகம் சுருங்கியதைப் பார்த்தபோதும் அந்தக் கல்நெஞ்சக்காரிக்கு நல்ல காரியம் செய்த திருப்திதான் இருந்தது.

வளைகாப்பன்று லிங்கப்பன் வீட்டில் பெண்கள் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜோதிமணியின் கண் வாசலிலேயே இருந்தது. லிங்கப்பன் கையில் பேப்பரோடு வந்தார். தேர்தல் முடிவுகள் வந்துகொண்டிருந்த வாரம். பேப்பர் முழுக்க ஓட்டுக் கணக்கு. அதற்கு நடுவில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு செய்தி.

"சம்பந்தியம்மா, பிலிப்பைன்ஸ்ல எரிமலை வெடிச்சு மணிலா ஏர்ப்போர்ட்டை மூடிட்டாங்களாம். பையன் அங்கதான் மாட்டிக்கிட்டிருப்பான் போல."

அவன் சொன்னது பொய்யில்லை என்று நாச்சம்மாளுக்கு விளங்கிவிட்டது. அந்த இடத்தில், 'ஆமாங்க, அவன் கூப்பிட்டான்' என்று சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். நாலு பேர் திட்டியிருப்பார்கள், அதோடு போயிருக்கும். ஆனால் மகளிடம் வரவில்லை என்று சொல்லியாகிவிட்டது. இத்தனை பெண்களுக்கு முன்னால், அதுவும் அவள், பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வாள்? வெட்கம் கோபமாகத் திரும்பியது.

"எரிமலை வெடிச்சா போனும் வெடிச்சிருமா? அக்கறை உள்ளவன் ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்ல மாட்டானா? மூணு நாளா போன் பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன், ஒரு மணி அடிக்கல!"

"அவன் அப்பிடிப்பட்டவன் இல்லீங்க" என்றார் லிங்கப்பன். அவருக்கும் குரல் ஏறியது. "புருஷன் விட்டுட்டுப் போன கோவத்தை எம்பையன் மேல காட்டாதீங்க."

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார். நாச்சம்மாள் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். தூறலில் நனைந்து கிடந்த தெருமண்ணைக் குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள். லிங்கப்பனின் மனைவி "வேண்டாங்க, புள்ளத்தாச்சி நிக்கறா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். நாச்சம்மாள் மண்ணை வாரி அந்த வாசல் மேல் தூற்றினாள். "பொய்யனைப் பெத்த வீடு நாசமாப் போக! சாம்பல் சாம்பல்னு சொன்னானே, அந்தச் சாம்பல் இந்த வீட்டு மேலயே விழட்டும்!"

சுவரில் மாவிலைத் தோரணத்துக்குக் கீழே சேறு ஒட்டிக்கொண்டது. வளையல் குலுங்க ஜோதிமணி அழுதுகொண்டே தாயின் பின்னால் போனாள். பாதி வழியில் ஒரு தடவை நின்று தாயின் முகத்தைப் பார்த்தாள். சாம்பல் என்று எப்போது சொன்னான் என்று கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

ஜூன் கடைசியில் கிருஷ்ணராஜ் வந்தான். பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பூத்துக்குத்தான் வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. பையின் தையல் இடுக்கெல்லாம் சாம்பல் நிறம். நஞ்சம்மா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் பிரித்து வைத்தான்.

"தொட்டுப் பாருங்க அத்தை."

அவள் விரலால் தேய்த்தாள். அடுப்புச் சாம்பல் பூப்போல இருக்கும். இது நறநறவென்று தோலை அறுத்தது.

"இது வெறகுச் சாம்பல் இல்லீங்க. கல்லு. கல்லும் கண்ணாடியும் மாவாகிப் பறக்குது. எஞ்சினுக்குள்ள போனா அந்தச் சூட்டுல உருகி பிளேடு மேலல்லாம் பாகு மாதிரி ஒட்டிக்கும். காத்து போக வழியில்லாம எஞ்சின் அப்பிடியே நின்னுரும். பைலட்டு கண்ணாடி தேஞ்சு வெளிய தெரியாது. ராடாருலயும் இது மேகமாத் தெரியாது. எஞ்சினோட பொழைக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? அங்க ஒரு விமானத் தளத்துல நின்னுக்கிட்டிருந்த பெரிய ப்ளேன் சாம்பல் பாரத்துல வால் தரையில படிஞ்சு மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்குது, போட்டோ வந்திருக்கு. அதுக்குத்தான் பயந்தாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு அவன் குரலைத் தணித்தான். "அன்னிக்கு மாலுமிங்க விடுதியில ஒரே போன். விடியறதுக்கு முன்னாடியே வரிசையில நின்னேன். ஆளுக்கு மூணு நிமிஷம். அதுல நீங்க என்னை எத்தனை வார்த்தை பேச விட்டீங்கன்னு உங்களுக்கே தெரியும்."

பின்னறைக் கதவு திறந்தது. ஜோதிமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போன் வந்துச்சா?"

நாச்சம்மாள் பொட்டலத்தை மடிக்கப் போனாள்.

"அவரு பொய் சொல்றாருன்னு உனக்குத் தோணியிருந்தா அதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். நான் நம்பறதும் நம்பாததும் எம்பாடு. நீ போனே வரலன்னியேம்மா. ரெண்டு வாரம் அவரு செத்துட்டாரோன்னு நெனச்சு நெனச்சு நான் தூங்கல. அதையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"உனக்காகத்தான் கண்ணு..."

"அப்பா எழுதினதும் இப்பிடித்தான். உனக்காகத்தான் இங்க கெடந்து சாகறேன்னு."

இதற்கு மேல் ஒரு பெண்ணைப் பெற்றவள் கேட்க என்ன இருக்கிறது? ஜோதிமணி ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு புருஷனோடு ஆட்டோவில் ஏறினாள். தலைப்பிரசவம் மாமியார் வீட்டில் என்று ஆனது. வெள்ளையடித்த அறையும் தொட்டிலும் அப்படியே கிடந்தன. மறுநாள் நாச்சம்மாள் ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமுமாக நஞ்சுமளிகே போனாள். சுவரில் சேறு காய்ந்து கிடந்தது. அவள் துடைப்பத்தை வைக்கும் முன்பே லிங்கப்பனின் மனைவி கதவைத் திறந்து, "அது இருக்கட்டும், தொடாதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை நடுவில் ஒரு மத்தியானம் போன் அடித்தது. நஞ்சம்மா மேஜைக்கு எதிரே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கிருஷ்ணராஜ் பேசறேன். பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க."

"எந்த ஆஸ்பத்திரிங்க மாப்பிள்ளை? நான் இப்பவே..."

வைத்துவிட்டான். சட்டென்று முடித்துவிட்டான், உண்மை சொல்கிறவன் முடிப்பதைப்போலவே. நாச்சம்மாள் ரிசீவரை வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பேத்தி பொறந்திருக்கா நஞ்சம்மா" என்றாள்.

நஞ்சம்மா வெற்றிலையை மடியில் வைத்துவிட்டு அவள் முகத்தை ஏற இறங்கப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டாள்.

"நிஜவா, நாச்சம்மா?"